‘போதும்’ என்பதற்கு அரபியில் என்ன?

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர் யாவரும் ஏதேனும் ஒரு புதுமொழியின் வாயிற்படியில் சில காலம் காத்து நின்றவர்களே. கொல்கத்தா சென்றவர் வங்காளியையும், மும்பை சென்றவர் மராத்தியையும், தில்லிக்கு வந்த என்போன்றோர் இந்தியையும் காய்கறிக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டோம். ஆயினும், தில்லியில் இருந்துகொண்டே நாற்பத்தொன்றாம் வயதில் நான் அரபி பயிலத் தொடங்கினேன் என்று சொன்னால் அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். அதிலும் நான் பயின்றது கவிதையன்று, சமய நூலன்று. முழங்காலை மடக்கு, தொடையை இறுக்கு, மூச்சை விடு என்பன போன்ற தேகப் பயிற்சிச் சொற்கள் மட்டுமே. அவற்றைப் பயில நேர்ந்த காரணம் சற்று வெட்கத்திற்குரியது. எனினும் நமது ஏட்டைப் படிக்கும் குடும்பங்களுக்கு அதனால் ஒரு பயன் உண்டு என்று எண்ணியே எழுதத் துணிந்தேன்.

நான் இயன்முறை மருத்துவத் தொழில் செய்பவன். பிசியோதெரபி என்று ஊரார் வழங்குவது அதுவே. எலும்பிலோ மூட்டிலோ அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கச் செய்வது எங்கள் வேலை. புதிய மூட்டைப் பொருத்துவது அறுவை மருத்துவரின் கை. அதனை மடங்கவும் நிமிரவும் பழக்குவது நோயாளியின் உழைப்பு. பக்கத்தில் நின்று வழிகாட்டி எண்ணிக்கை சொல்வது எங்கள் பங்கு. ஆகவே எங்கள் தொழிலில் கைக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை வாய்க்கும் உண்டு.

2010-ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஈராக், ஏமன், ஓமான், சூடான் முதலிய நாடுகளிலிருந்து சிகிச்சைக்காக வந்தோரைத் தில்லியின் பெரிய மருத்துவமனைகளில் நாள்தோறும் காணலாம். மருத்துவமனைகளை அடுத்த தெருக்களில் மருந்துக் கடைகளும் தங்கும் விடுதிகளும் அரபி எழுத்தில் பெயர்ப்பலகை வைத்தன. எங்கள் மருத்துவமனையிலும் துபாஷியாக ஓர் இளைஞர் இருந்தார். ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் அரபி பயின்றவர், பொறுமைசாலி. ஆனால் ஒருவரே மூன்று மாடிகளுக்கும் ஓடவேண்டியிருந்தது. அவர் வரும்வரையில் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. அரபிச் சொற்கள் எனக்கு அவ்வளவு அந்நியம் அல்ல என்ற ஓர் எண்ணமும் அப்போது எனக்கு இருந்தது.

அந்த எண்ணத்திற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. நாம் நாள்தோறும் புழங்கும் அசல், பாக்கி, வசூல், ஜில்லா, லாயக்கு ஆகிய சொற்கள் அரபியில் பிறந்து, பாரசீகமும் உருதுவும் கடந்து நம் வீட்டுக்குள் வந்தவை. தேகப் பயிற்சியிலோ கேட்கவேண்டியதில்லை. குஸ்தி, பயில்வான் என்பன பாரசீகம். ஆனால் நம் பாட்டனார் காலத்தில் உடற்பயிற்சிக்கு வழங்கிய ‘கசரத்து’ அரபி மூலமுடையது. கோலாப்பூரிலும் புனேயிலும் மல்லர்கள் பழகும் கூடத்திற்குத் ‘தாலீம்’ என்று பெயர். அது கற்பித்தல் என்னும் பொருளுள்ள அரபிச் சொல். வடநாட்டுச் சங்கீத வித்துவான்கள் விடியற்காலையில் செய்யும் ‘ரியாஸ்’, பயிற்சியைக் குறிக்கும் ‘ரியாதா’ என்னும் அரபிச் சொல்லே. இத்தனையும் அறிந்த எனக்கு, அரபி ஏதோ அத்தை வீட்டு மொழி போலத் தோன்றியது. அழையாமலே உள்ளே போகலாம் என்று நினைத்தேன்.

2015-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், சன்னலுக்கு வெளியே மூடுபனி கனத்திருந்த ஒரு காலை. பஸ்ரா நகரிலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டிக்கு வலது முழங்காலில் செயற்கை மூட்டு பொருத்தி அன்று மூன்றாம் நாள். அவருடைய மகன் மருந்து வாங்கப் போயிருந்தார். துபாஷி இளைஞர் வேறொரு குடும்பத்துடன் அறுவைக்கூட வாயிலில் நின்றிருந்தார். மலையாளச் செவிலி ஒருவர் உடன் இருக்க, நான் பயிற்சியைத் தொடங்கினேன். குதிகாலைப் படுக்கையின்மேல் இழுத்து முழங்காலை மெல்ல மடக்கி, மீண்டும் நீட்டவேண்டும். பத்து முறை செய்விப்பது என் கணக்கு.

ஆறாம் முறையில் மூதாட்டியின் முகம் சுருங்கியது. முழங்கால் நோயாளிகளின் முகம் சுருங்குவது எங்களுக்குப் புதிதல்ல. அதற்கெல்லாம் நிறுத்தினால் மூட்டு இறுகிப்போகும். இருந்தாலும் கேட்டுவிடுவோம் என்று, “ராஹத்?” என்றேன். இந்தியில் அதற்கு ‘நிவாரணம், வலி தணிதல்’ என்று பொருள். அரபிச் சொல்தானே, அவருக்கும் விளங்கும் என்பது என் நினைப்பு. அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. “காஃபி, காஃபி!” என்றார். இந்தியில் ‘காஃபி’ என்றால் ‘நிரம்ப, வெகுவாக’. வலி வெகுவாகத் தணிந்திருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன். செவிலியோ, அம்மையார் காப்பி கேட்கிறார் போலும் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே, மிச்சமிருந்த நான்கு முறையையும் முன்னிலும் சற்று ஆழமாக மடக்கிச் செய்து முடித்தேன். அவர் இரு கைகளாலும் கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தார். அதன்பின் அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு முழங்கால் வீங்கிவிட்டது. முதல்நாள் 75 பாகை மடங்கிய மூட்டு மறுநாள் 60 பாகைக்குமேல் மடங்க மறுத்தது. பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, காலை உயர்த்திவைத்தார்கள். நான் அறைக்குள் நுழைந்ததும் மூதாட்டி போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். துபாஷி இளைஞர் அவரிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னதை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. “அரபியில் ‘ராஹா’ என்றால் ஓய்வு. ‘காஃபி’ என்றால் போதும். ஓய்வு வேண்டுமா என்று நீங்கள் கேட்டீர்களாம். போதும், நிறுத்துங்கள் என்று அவர் சொன்னாராம். அதன்பிறகு நீங்கள் சிரித்துக்கொண்டே மேலும் நான்கு முறை செய்தீர்களாம்.”

இதனைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை மயூர் விஹாரில் உள்ள என் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் இதைச் சொன்னேன். தந்தையார் மறைந்தபின், 2009-ஆம் ஆண்டில் கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்தை விட்டு அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தார். நான் சொற்பிறப்பு ஆராய்ச்சியெல்லாம் செய்து, ‘ராஹத்’ இப்படி மாறியது, ‘காஃபி’ அப்படி மாறியது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏண்டா, அந்த அம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாளா, இல்லையா?”

“பிடித்துக்கொண்டாள்.”

“இரண்டு கையாலுமா?”

“ஆமாம்.”

“அப்புறம் என்ன பாஷை வேண்டிக் கிடக்கிறது? போதும் என்றுதான் சொல்லியிருப்பாள். வேறு என்ன சொல்வாள்?”

சிறிது நேரம் சென்றபின், முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே அம்மா மேலும் ஒன்று சொன்னார். “இந்த ஊர் டாக்டரிடம் என்னையும் நீ அப்படித்தான் கூட்டிக்கொண்டு போகிறாய்.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன்.

மறுநாள் நான் மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். துபாஷி இளைஞர் அருகில் இருந்தார். “மா யிகாலிஃப்” என்றார் அம்மையார். ஈராக்கியர் பேச்சில் அதற்குப் ‘பரவாயில்லை’ என்று பொருளாம். ஆனால் போர்வையை அவர் விலக்கவில்லை. அன்றே ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் முதல் வரியாக, ‘காஃபி – போதும்’ என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரி, ‘ராஹா – ஓய்வு’.

எழுத்தும் ஒலியும் கற்பிக்க ஓர் ஆசான் வேண்டுமே! எங்கள் குடியிருப்பிலேயே காயல்பட்டினத்து அன்பர் ஒருவர் இருந்தார். அவ்வூர் வழக்கப்படி அவரைக் ‘காக்கா’ என்றே நாங்கள் அழைப்போம். மூத்த சகோதரர் என்பது அதன் பொருள். தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் முறை அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்தது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைத்துக்கொண்ட முன்னோரின் திறமையை அவர் காட்டியபோது வியந்தேன். “தம்பி, தமிழுக்காக அவர்கள் அரபியை வளைத்தார்கள். நீங்கள் இப்போது அரபிக்காக நாக்கை வளைக்கவேண்டும், அவ்வளவுதான்” என்றார்.

நாக்கு எளிதில் வளையவில்லை. அரபியில் பகரத்தின் வல்லொலி இல்லை. நமக்கோ அதன் மெல்லொலிக்குத் தனி எழுத்து இல்லை. நாம் ‘க’ என்று ஓரெழுத்தால் எழுதும் இடத்தில் அவர்கள் நாவடியில் ஒன்றும் தொண்டையில் ஒன்றுமாக இரண்டை வைத்திருக்கிறார்கள். ஹகரமும் இரண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக ‘தாத்’ என்றோர் எழுத்து. நாக்கின் ஓரம் கடைவாய்ப் பற்களில் அழுந்தப் பிறக்கவேண்டுமென்று இலக்கணிகள் வகுத்தது. தம்முடையதைத் ‘தாத் எழுத்தின் மொழி’ என்றே அரபியர் பெருமையுடன் சொல்லிக்கொள்வர். நம் ழகரத்தின் நினைவு எனக்கு வந்தது. அதனை நாம் எவ்வளவு கொண்டாடுகிறோமோ, அவ்வளவு தவறாகவும் ஒலிக்கிறோம் அல்லவா? அங்கும் அப்படியே. ஈராக்கியர் பேச்சில் தாத் வேறோர் ஒலியோடு கலந்துவிட்டது என்று காக்கா சொன்னபோது, எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

சொற்களை நான் மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டேன். முதலாவது, உடலுறுப்புகள்: முழங்கால் ‘ருக்பா’, தொடை ‘ஃபகித்’, தோள் ‘கதிஃப்’, மார்பு ‘ஸத்ர்’, முதுகு ‘ஸஹ்ர்’, தசை ‘அதலா’. இரண்டாவது, ஏவற்சொற்கள். ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றாக அவை வேறுபடும் என்பதை மறந்தால் மூதாட்டியை ‘அடே’ என்று விளித்தது போலாகிவிடும். பெண்பாலில், அழுத்து என்பதற்கு ‘இத்கதீ’, உயர்த்து என்பதற்கு ‘இர்ஃபயீ’, நீட்டு என்பதற்கு ‘முத்தீ’, மூச்சு விடு என்பதற்குத் ‘தனஃப்பஸீ’, மடக்கு என்பதற்கு ‘இத்னீ’. இந்த ‘இத்னீ’யும் இரண்டைக் குறிக்கும் ‘இத்னான்’ என்பதும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றை மடித்தால் இரண்டாகிறதன்றோ? மூன்று மெய்யெழுத்துகளை வேராக வைத்து ஒரு குடும்பத்தையே வளர்ப்பது அம்மொழியின் இயல்பு. உடற்பயிற்சிக்குத் ‘தம்ரீன்’ என்பது பெயர். உடலின் நெகிழ்வுக்கு ‘முரூனா’. இரண்டுக்கும் வேர் ஒன்றே. பயிற்சி என்றாலே நெகிழச் செய்வது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதனை அந்த வேரே சொல்லிவிடுகிறது. ‘ரியாதா’வின் வினைமூலத்திற்கோ, குதிரைக்குட்டியைப் பழக்குதல் என்று பழம்பொருளாம். உடலும் அப்படித்தான்; அதட்டினால் மிரளும், பழக்கினால் படியும்.

மூன்றாவது வகைக்கு நான் ‘ஏமாற்றும் உறவினர்’ என்று பெயரிட்டேன். நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது இதுவே. கசரத்து என்று நாம் சொல்வதை ஓர் அரபியரிடம் சொன்னால் உடற்பயிற்சி என்று கொள்ளமாட்டார். ‘கத்ரா’ என்னும் அம்மூலச் சொல்லுக்கு அங்கே மிகுதி என்றே பொருள். மிகுதியாகத் திரும்பத் திரும்பச் செய்வது பயிற்சியாயிற்று என்று இந்நாட்டார் பொருளை நீட்டிக்கொண்டனர். இந்தியில் ‘கதம்’ என்றால் நடையின் ஓர் அடி. அரபியில் அது பாதம். “இரண்டு கதம் வையுங்கள்” என்றால், இரண்டு பாதங்களையும் ஒருசேர வைத்து அவர் அப்படியே நின்றுவிடுவார்! அடிக்கு அவர்கள் சொல் ‘குத்வா’. கணுக்காலுக்குக் ‘காஹில்’ என்று பெயர். அரபியில் அதன் ஹகரம் வேறாயினும், இந்திக் காதுக்கு அது சோம்பேறி. நான் ஒரு நோயாளியிடம் “காஹில், காஹில்” என்று கணுக்காலைக் காட்டிக்கொண்டிருந்தபோது, தள்ளுவண்டி ஓட்டும் பணியாள், நான் அவரைத்தான் ஏசுகிறேன் என்று முகம் சுளித்ததும் உண்டு.

இவற்றுள் எல்லாம் தலையாயது ‘தக்ரார்’. பயிற்சியை எத்தனை முறை திரும்பச் செய்யவேண்டும் என்பதற்கு அரபியில் வழங்கும் சொல் அது. திரும்பச் செய்தல் என்பதே பொருள். அதே சொல் இந்துஸ்தானியின் வழியாக நம்மிடம் வந்து ‘தகராறு’ ஆகிவிட்டது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால் சண்டைதானே மூளும்! “பத்துத் தக்ரார்” என்று நான் சொல்லக் கேட்ட என் மனைவி, “காலை வேளையில் யாரோடு அத்தனை தகராறு?” என்று கேட்டாள். நான் அன்று அந்த மூதாட்டியிடம் செய்ததோ, அரபிப் பொருளில் நான்கு தக்ரார். தமிழ்ப் பொருளிலும் நான்கு தகராறுதான்.

உறவுள்ள சொல் எல்லாமே ஏமாற்றும் என்று அன்பர்கள் கருதவேண்டாம். உடல்தகுதிக்கு அரபியில் ‘லியாகா’ என்று பெயர். அது நம் லாயக்கின் உடன்பிறப்பே, பொருளும் மாறவில்லை. ‘காலா’ என்றால் தாயின் சகோதரி; அரபியிலும் அதுவே, இந்தியிலும் அதுவே. ஆனால் எது மாறாதது, எது மாறியது என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் அறியவேண்டும். முற்றிலும் தெரியாத சொல்லைக் கேட்டால் நாம் நின்று வினவுகிறோம். தெரிந்த முகத்தோடு வரும் சொல்லை வினவாமல் விட்டுவிடுகிறோம். எனக்குக் கெடுதல் நேர்ந்தது அங்கேதான்.

ஐந்தாறு நாட்களில் சில சொற்கள் நாவில் நின்றன. மூதாட்டியின் வீக்கமும் வடிந்தது. ஒரு காலை, கட்டிலருகே சென்று, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்: “காலா, இத்னீ ருக்பதக்கி.” மடக்குங்கள் உங்கள் முழங்காலை என்பது பொருள். நூலில் உள்ளபடி ஒரு குறையும் இல்லை. அவர் சிரித்துவிட்டார். அறைக்கு வெளியே இருந்த மகனையும் அழைத்து, அதைத் திரும்பச் சொல்லச் செய்து சிரித்தார். பின்புதான் விளங்கியது, நான் பேசியது ஏட்டு அரபி. நம் வீட்டுக்கு வந்த பிறமொழியாளர் ஒருவர், “அன்னையீர், உண்பதற்கு யாது உளது?” என்று கேட்டால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படி இருந்திருக்கும். செந்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் உள்ள தொலைவு அங்கும் உண்டு. அதிலும் நாட்டுக்கு நாடு பேச்சு வேறு. ஈராக்கில் பெண்ணை நோக்கிச் சொல்லும்போது ‘உன்’ என்பதற்கு இறுதியில் சகரம் ஒலிக்கும். “ருக்புதிச்” என்று அவரே திருத்திக்கொடுத்தார். அன்றுதான் அவர் போர்வையை விலக்கினார்.

அன்று முதல் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் நான் எண்ணுவேன்: “வாஹித், இத்னேன், தலாதா…” அவர் “காஃபி” என்று சொன்ன அக்கணமே என் கை நின்றுவிடும். முதல் நாள் மூன்றிலேயே ‘காஃபி’ வந்தது. நின்றேன். நான் உண்மையில் நிற்கிறேனா என்று சோதித்தார் போலும். நான் நிற்பேன் என்று தெரிந்தபின் அந்தச் சொல் வருவது குறைந்தது. நான்காம் நாள், பத்து முறையும் முடிந்து, பதினொன்றாவதையும் அவரே மடக்கினார். பன்னிரண்டாம் நாளில் முழங்கால் 95 பாகைக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்கும் படி ஏறுவதற்கும் அது போதும். வலிய மடக்கி நான் இழந்த 15 பாகை, நிறுத்தக் கற்றபின் திரும்பி வந்தது. இதனை எந்தப் பாடநூலில் படித்திருந்தாலும் எனக்கு அவ்வளவு உறைத்திராது.

வலிக்கும் பல பெயர்கள் உண்டென்று அவர் கற்பித்தார். ‘வஜஃ’ என்பது பொதுவான நோவு. எரிச்சலுக்கு ‘ஹுர்கா’, ஊசி குத்துவது போன்றதற்கு ‘வக்ஸ்’, மரத்துப்போவதற்குக் ‘கதர்’. நம் கதர்த் துணிக்கும் அதற்கும் உறவில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். ஏனெனில் மூட்டு எரிந்தால் நாங்கள் செய்யவேண்டியது ஒன்று. கால் மரத்தால் செய்யவேண்டியது முற்றிலும் வேறு. எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே பையில் போட்டால் மருத்துவரின் கை இருட்டில் துழாவவேண்டியதுதான்.

இங்கேதான் அம்மா அன்று சொன்ன சொல் என் நெஞ்சில் வந்து நின்றது. என் தாய்க்கு இடுப்பிலும் காலிலும் நெடுநாள் உபாதை. அவருடைய மொழியில் காலையில் இருப்பது ‘பிடிப்பு’, நடந்தால் வருவது ‘குத்தல்’, மாலையில் ‘கடுப்பு’, இரவில் தூங்கவிடாமல் செய்வது ‘குடைச்சல்’, சில நாள் பாதத்தில் ‘எரிச்சல்’. ஐந்தும் ஐந்து செய்திகள். நான் துபாஷியாக உடன் சென்று, ஐந்தையும் ‘தர்த்’ என்னும் ஒரே இந்திச் சொல்லாகச் சுருக்கி மருத்துவரிடம் சேர்த்துக்கொண்டிருந்தேன். இந்தியில் சொல் இல்லாமலா? எரிச்சலுக்கு ‘ஜலன்’ உண்டு, குத்தலுக்குச் ‘சுபன்’, பிடிப்புக்கு ‘ஜகடன்’, விட்டுவிட்டுத் தெறிக்கும் வலிக்கு ‘டீஸ்’. பதினேழு ஆண்டு தில்லியில் வாழ்ந்தவனுக்கு இவை தெரியாமலா இருக்கும்? தாய் சொல்வது தெரிந்ததுதானே என்ற நினைப்பில் நான் நின்று கேட்கவில்லை. பஸ்ராவிலிருந்து வந்த அம்மையாருக்கு அரை மணியில் செய்த பிழையை, பெற்ற தாய்க்கு ஆறு ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறேன். மருத்துவரின் அறையில் அம்மா, “எல்லாம் தேவலை, போகலாம்” என்று சொல்லி எழுந்துவிடுவதன் காரணமும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவும் ஒரு ‘காஃபி’யே.

அடுத்த முறை செல்லும்போது ஐந்து சொல்லையும் ஐந்தாகவே சொன்னேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, பாதத்தில் எரிச்சல் எப்போது என்று மறுபடி கேட்டார். பரிசோதனைகள் மாறின, மருந்தும் மாறிற்று. உபாதை அறவே நீங்கிவிடவில்லை, வயது இருக்கிறதல்லவா? ஆனால் இரவில் அம்மா உறங்கினார்.

நம் குடும்பங்களில் ஊரிலிருந்து அழைத்துவந்த தாய்தந்தையர் பலர் உள்ளனர். அக்கம்பக்கத்து மொழியில் பால்காரனோடு பேச அவர்கள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். உடம்பின் நோவைச் சொல்ல மட்டும் நம் வாயையே நம்பியிருக்கிறார்கள். ஆதலால் ஒரு சிறு யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு அமர்ந்து, அவர்கள் வாயால் சொல்லும் வலிப் பெயர்களை அவர்கள் சொல்லும்படியே ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே அவ்வூர் மொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அண்டை வீட்டாரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏமாற்றும் உறவினர் அங்கும் இருக்கலாம். பத்துச் சொல் இருந்தால் மிகுதி. ‘வலிக்கிறது’ என்பதற்கு முன்னால், முதல் வரியாக, ‘போதும், நிறுத்துங்கள்’ என்பதை எழுதுங்கள். தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். நாம் அலுவலகத்தில் இருக்கும் வேளையிலும் அது அவர்களோடு இருக்கும்.

பஸ்ரா அம்மையார் ஊருக்குப் புறப்பட்ட நாளில், ஊன்றுகோலுடன் வாசல்வரை தாமே நடந்து வந்தார். நான் வழக்கம்போல் அடியெண்ணிக்கொண்டு உடன் நடந்தேன். வண்டி அருகில் வந்ததும் நின்று, “அஃபியா அலேக்” என்றார். நோட்டில் அச்சொல் இல்லை, துபாஷியைப் பார்த்தேன். “ஈராக்கில் குழந்தைகள் ஏதாவது நன்றாகச் செய்தால் தாய்மார் சொல்வது. ‘சபாஷ்’ என்பது போல” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அதனையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை அணிந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து மெல்லப் புரட்டிப் பார்த்தார். “இவ்வளவு எழுதியிருக்கிறாயே, ‘போதும்’ என்பது எங்கே இருக்கிறது?” என்றார். முதல் வரியைத் தொட்டுக் காட்டினேன்.